வைரம் பாய முப்பது ஆண்டு

உயிரோடு நிற்கும் சந்தன மரத்துக்கு வாசனை கிடையாது. இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வெறும் பச்சிலை வாடைதான். பட்டையைக் கீறினாலும் அப்படியே. பூவோ மிகச் சிறியது. வைக்கோல் நிறத்தில் விரிந்து, நாளாக நாளாகக் கருஞ்சிவப்பாக மாறும். சந்தன மணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலை ஆடுகளுக்குப் பிடித்த தீனி. ஜவ்வாது மலைக் காட்டில் ஒரு சந்தன மரத்தின் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, அது சந்தனம் என்றே தெரியாமல் எழுந்து போய்விடலாம்.

உலகம் முழுக்க விரும்பும் அந்த மணம் மரத்துக்குள்ளே, செத்துப்போன ஒரு பகுதியில் பூட்டிக் கிடக்கிறது. அது எப்படி அங்கே வருகிறது, எவ்வளவு காலம் பிடிக்கிறது, அதற்கு எத்தனை பேரின் தண்ணீர் செலவாகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், ஒரு மரத்தில் தொடங்கி ஒரு காட்டையே சுற்றி வந்துவிடுவோம்.

அந்தக் காட்டின் அடிவாரத்திலிருந்து தொடங்குவோம். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம் பேரூராட்சி. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையிலும் இது ஒரு நிலையம். ஊருக்கு மேற்கே ஜவ்வாது மலை எழும்பத் தொடங்கிவிடுகிறது. அமிர்திக் காட்டிலிருந்து இறங்கும் நாகநதி இந்த ஊர்ப் பக்கமாக வந்து ஆரணியை நோக்கிப் போகிறது. ஆண்டின் பல மாதங்களில் அதில் மணல்தான் தெரியும். தெற்கே சந்தவாசல், படவேடு. மலைமேல் ஏறினால் ஜமுனாமரத்தூர். அந்தப் பக்கம் இறங்கினால் திருப்பத்தூர். அங்கே வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. திருப்பத்தூருக்குச் ‘சந்தன நகரம்’ என்ற பெயரை வாங்கித் தந்த மரங்களில் பெரும்பங்கு இந்த மலையில் வளர்ந்தவை.

காடு என்றதும் பலருக்கும் மழைக்காடுதான் நினைவுக்கு வரும். அமேசான், காங்கோ, நம் பக்கத்தில் ஆனைமலை, அமைதிப் பள்ளத்தாக்கு. ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ மழை, வெயில் தரையைத் தொடாத இருட்டு, அட்டை. ஜவ்வாது மலை அப்படியில்லை. உச்சியிலும் ஓடைப் பள்ளங்களிலும் பசுமை மாறாத திட்டுகள் உண்டு. மற்றபடி கோடையில் இலையுதிர்த்துவிட்டு வெறுங்கிளையோடு நிற்கும் வறண்ட காடு. கரடியும் காட்டெருமையும் மானும் உலவும் காடுதான், ஆனால் மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அதுவும் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மழைக்காட்டு மரங்கள் வெளிச்சத்துக்காக முண்டியடிக்கின்றன. இங்கே சண்டை தண்ணீருக்கு. மழைக்காட்டைப் பற்றி எழுதப்பட்டதில் கால்வாசிகூட இந்த வறண்ட காடுகளைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம். தண்ணீர்ப் பஞ்சத்தில் உயிர் பிழைக்கச் செடிகள் கண்டுபிடித்த வழிகள் அவ்வளவு நுட்பமானவை. சந்தனத்தின் வழி அவற்றில் தலைசிறந்தது.

அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் தெரியும். மண்ணைக் கையாலேயே மெல்லத் தள்ளிக்கொண்டு ஒரு சல்லிவேரைப் பின்தொடருங்கள். எங்கோ ஓரிடத்தில் அது பக்கத்துச் செடியின் வேரைத் தொடும். தொட்ட இடத்தில் மிளகளவு வெளிறிய முடிச்சு ஒன்று, கவிழ்த்த மணியின் வடிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் எளிதில் வராது. இதற்கு ஒட்டுறுப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மற்றச் செடியின் வேருக்குள் நுழைந்து அதன் சாற்றை எடுக்கும் உறுப்பு என்று பொருள்.

மாமரக் கிளையில் புல்லுருவி ஒட்டி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். சந்தனமும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் இரண்டும் ஒரே வரிசை. புல்லுருவி கண்ணுக்குத் தெரிய மேலே செய்வதைச் சந்தனம் மண்ணுக்கடியில் செய்கிறது. அதனால்தான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த மரத்தை இழைத்துப் பூசியவர்கள் பலருக்கும் இது தெரியாமலே இருந்தது. 1871-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய ஜான் ஸ்காட் இதைக் கவனித்து எழுதினார். அடுத்த தலைமுறையில், மதராஸ் அரசின் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர் இந்த ஒட்டுறுப்பைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் வைத்து, அதன் ஒவ்வொரு அடுக்கையும் விரிவாக வரைந்து பதிப்பித்தார். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் கரும்பு நிபுணர் அதே பார்பர்தான்.

ஒட்டுறுப்பு வேலை செய்யும் விதம் இதுதான். சந்தன வேர், அருகில் இருக்கும் வேர் கசியவிடும் வேதிப்பொருள்களை உணர்ந்து, அதைத் தொடும் பக்கத்தில் வீங்கத் தொடங்குகிறது. வீங்கிய முடிச்சு அந்த வேரைக் கவ்விக்கொள்கிறது. பிறகு அதன் நடுவிலிருந்து மெல்லிய ஆப்பு ஒன்று கிளம்பி, பட்டையைத் துளைத்து, தண்ணீர் ஏறும் குழாய்கள் இருக்கும் இடம்வரை இறங்குகிறது. அங்கே சந்தனத்தின் திசுவும் அடுத்த செடியின் திசுவும் இணைகின்றன. இணைந்தால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது, இழுக்க வேண்டும். அதற்கும் சந்தனத்திடம் வழி இருக்கிறது. மற்ற மரங்கள் வெயில் ஏறினதும் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும்போது, ஒட்டிவாழும் இத்தகைய செடிகள் பெரும்பாலும் அவற்றைத் திறந்தே வைத்திருக்கின்றன. இலையிலிருந்து தண்ணீர் ஆவியாக ஆவியாக, கீழே இழுவை கூடுகிறது. தெருக்குழாயில் எல்லோர் வீட்டுக்கும் ஒரே தண்ணீர் வரும்போது ஒரு வீட்டுக்காரர் மட்டும் மோட்டார் போட்டு உறிஞ்சுவாரே, அதே கணக்கு.

தண்ணீரோடு உப்புகளும் வருகின்றன. அவரைக் குடும்பத்துச் செடியைப் பிடித்தால் இன்னும் யோகம். அந்தச் செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். அந்த நைட்ரஜன் அமினோ அமிலங்களாக, சமைத்துப் பரிமாறிய நிலையிலேயே சந்தனத்துக்கு வந்து சேர்கிறது. ஆனாலும் சந்தனத்தை முழுத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. அதன் இலையில் பச்சையம் உண்டு. சர்க்கரையை அது பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்கிறது. அதனால் இதை அரை ஒட்டுண்ணி என்கிறார்கள். அதாவது, சோறு தன்னுடையது, தண்ணீர் அடுத்தவருடையது.

எந்தச் செடி என்று அது பேதம் பார்ப்பதில்லை. புல், பூண்டு, புதர், மரம் என்று 300-க்கும் மேற்பட்ட இனங்களின் வேர்களில் சந்தனத்தின் ஒட்டுறுப்பைப் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு சந்தனம் இருந்தால் அதன் வேரையும் பிடித்துவிடும். ஒரே மரம் ஒரே சமயத்தில் பல செடிகளிடம் வாங்கும். ஒன்று காய்ந்தால் இன்னொன்று. தண்ணீர்ப் பஞ்சம் நிரந்தரமான காட்டில் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இருக்க முடியுமா? விதைக்குள் இருக்கும் சேமிப்பை வைத்து நாற்று முதல் சில மாதங்களைத் தள்ளிவிடும். முளைத்த ஒரு மாதத்துக்குள்ளாகவே ஒட்டுறுப்பு கட்டத் தொடங்கிவிடும். அதற்கு ஒரு துணைவேர் அகப்படவில்லையென்றால் இலை வெளுத்து, வளர்ச்சி நின்று, பெரும்பாலும் செத்துப்போகும். தனிமரம் தோப்பாகாது என்பார்கள். சந்தனத்தைப் பொறுத்தவரை தனிமரம் மரமாகவே ஆகாது.

அப்படியென்றால் விதை சரியான இடத்தில் விழ வேண்டும். வெட்டவெளியில் விழுந்தால் வீண், புதருக்குள் விழ வேண்டும். இந்த வேலையைப் பறவைகள் செய்கின்றன. சந்தனப் பழம் சிறியது, கருநீலமானது, உள்ளே ஒரே கொட்டை. கொண்டைக்குருவியும் குயிலும் குக்குறுவானும் அதை விழுங்குகின்றன. சதை செரிக்கும், கொட்டை செரிக்காது. பறவை உட்காருவது எங்கே? இன்னொரு மரக்கிளையிலோ முட்புதரிலோதான். எச்சத்தோடு கொட்டை அங்கேயே விழுகிறது. கீழே ஏற்கெனவே வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. முள் இருப்பதால் ஆடும் எளிதில் வாய் வைக்காது. அந்நியச் செடியான உண்ணிச்செடிப் புதருக்குள்ளும், வயல் வேலியோரத்திலும் சந்தனக் கன்று தலைநீட்டுவது இதனால்தான். நிழல், காவல், தண்ணீர் மூன்றையும் ஒரே எச்சத்தில் வாங்கிக்கொள்கிறது சந்தன விதை. மனிதர்கள் நட்டு வளர்த்த காடுகளில் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

சரி, மணத்துக்கு வருவோம்.

பல மரங்களைக் குறுக்கே அறுத்தால் இரண்டு நிறம் தெரியும். வெளிவட்டம் வெளிறியது. வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது இதன் வழியாகத்தான். அங்கே உயிருள்ள செல்களும் உண்டு. உள்வட்டம் கறுத்தது, கெட்டியானது. இதைத்தான் தச்சர்கள் வைரம் என்கிறார்கள், சேகு என்றும் சொல்வதுண்டு. வைரத்தில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. மரம் பருக்கப் பருக்க, உள்பக்கத்துக் குழாய்கள் எல்லாமே அதற்குத் தேவைப்படுவதில்லை. தேவையற்றதை அப்படியே விட்டுவைத்தால் பூஞ்சையும் கரையானும் நுழைந்துவிடும். அதனால் அந்தப் பகுதியில் எஞ்சியிருக்கும் செல்கள், தாங்கள் சேர்த்து வைத்த மாவுப்பொருளை எல்லாம் செலவழித்துப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாத பொருள்களைத் தயாரித்து, அக்கம்பக்கத்துச் சுவர்களில் ஊறவிட்டுவிட்டுச் சாகின்றன. வைரம் என்பது லட்சக்கணக்கான செல்கள் சாகும் முன் எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து.

தேக்கில் அந்தச் சொத்து கரையான் தொடாத எண்ணெய். கருங்காலியில் அது கறுப்பு. சந்தனத்தில் அது மணம்.

சந்தனம் பத்து வயதை ஒட்டித்தான் வைரம் கட்டவே தொடங்குகிறது. விலைபோகும் அளவுக்குப் பாய முப்பது ஆண்டாவது வேண்டும். இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்து, படித்து, அதன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும் காலம் அது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வைரத்தின் எடையில் எண்ணெய் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறு பங்குதான். வேர்க்கட்டையில் இன்னும் அதிகம், பத்து பங்குவரை போகும். சந்தனத்தை முறையாக எடுக்கும்போது அடிமரத்தில் வெட்டாமல் வேரோடு தோண்டியெடுப்பது இதனால்தான்.

அந்த எண்ணெயின் மையப்பொருள் சாண்டலால் என்னும் சேர்மம். பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. பல செடிகளிலும் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு நீண்ட சங்கிலியை எடுத்து, ஒரு நொதி அதை மடித்து வளையங்களாக்குகிறது. இன்னொரு நொதி அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்துகிறது. அவ்வளவுதான், மணம் தயார். கற்பூரத்தோடு ஒப்பிட்டால் இதன் சிறப்பு புரியும். கற்பூரத்தில் கார்பன் பத்துதான். இலகுவான மூலக்கூறு. திறந்து வைத்தால் சில நாளில் கட்டி கரைந்து காற்றோடு போய்விடும். சாண்டலால் கனமானது, மெதுவாகத்தான் பறக்கும். அதனால் பாட்டி காலத்துச் சந்தனக் கட்டையை இன்று கல்லில் இழைத்தாலும் மணக்கிறது. உத்தரப்பிரதேசத்துக் கன்னோசி நகரத்தின் அத்தர் தயாரிப்பாளர்கள் ரோஜாவையும் மல்லிகையையும் வடிக்கும்போது அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து வைத்தார்கள். பறந்துபோகத் துடிக்கும் பூமணங்களை இந்தக் கனத்த எண்ணெய் விடாமல் வைத்துக்கொள்ளும்.

மரம் பூஞ்சைக்காகச் செய்த பொருளை மனித மூக்கு இவ்வளவு விரும்புவது தற்செயல்தான். ஆனால் மூக்கு மட்டுமா? ஜெர்மனியின் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஒன்றை அறிவித்தார்கள். மணத்தை உணர மூக்கில் இருப்பதைப் போன்ற ஒரு புரதம் நம் மேல்தோல் செல்களிலும் இருக்கிறது. சந்தன மணத்தைப் போலச் செயற்கையாகத் தயாரித்த ‘சாண்டலோர்’ என்ற பொருள் பட்டதும் அது விழித்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்கள் அதன்பின் வேகமாகப் பெருகி, கீறலை மூட நகர்ந்தன. இயற்கைச் சந்தனம் பூசினால் புண் ஆறும் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. சோதித்தது செயற்கை மணத்தை. ஆனாலும் நம் தோலுக்கே முகரத் தெரியும் என்ற செய்தி எனக்கு இன்றும் வியப்பு அடங்காத ஒன்று.

இந்த வைரம்தான் மரத்துக்கு எமனாகவும் முடிந்தது. சந்தனத்தைச் சுற்றி மனிதர்கள் கட்டிய அமைப்பும் அதன் உயிரியலுக்குச் சளைத்ததில்லை. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசரின் மரமாக அறிவித்தார். மைசூர் நாட்டில் எங்கே முளைத்தாலும் அது அரசுக்குச் சொந்தம். வெள்ளையர் ஆட்சியும் பின்வந்த மாநில அரசுகளும் அந்தப் பிடியைத் தளர்த்தவில்லை. கிடங்குக்கு வரும் கட்டையில் முதலில் பட்டையையும் வெளிவட்ட வெள்ளையையும் செதுக்கித் தள்ளிவிடுவார்கள். எஞ்சும் வைரத்தை நீளம், பருமன், வெடிப்பு, கணு பார்த்து விலாயத் புத், சைனா புத், பஞ்சம் என்று தொடங்கிப் பதினெட்டு வகையாகப் பிரிப்பார்கள். கடைசி வகை மரத்தூள். அதையும் நிறுத்து விற்பார்கள், ஒரு கைப்பிடி வீணாகாது. பெயர்களிலேயே சந்தை தெரிகிறது. ஒன்று சீமைக்குப் போனது, ஒன்று சீனாவுக்கு.

அரசுடைமை மரத்தைக் காப்பாற்றியதா? என் கணிப்பில், பாதிதான் காப்பாற்றியது. வெட்டுக்குக் கணக்கு இருந்தது உண்மை. ஆனால் தன் நிலத்தில் தானாக முளைத்த சந்தனக் கன்றைப் பார்த்த விவசாயிக்கு அது சொத்தாகத் தெரியவில்லை, வம்பாகத் தெரிந்தது. வளர்த்தால் தனக்கில்லை, களவுபோனால் கேள்வி தனக்கு. பிடுங்கிப் போடுவதுதான் நிம்மதி. பறவைகள் ஓயாமல் விதைத்துக்கொண்டிருக்க, மனிதர்கள் ஓயாமல் பிடுங்கினார்கள். காட்டுக்குள் திருட்டு நடந்தது. வைரம் பாய்ந்திருக்கிறதா என்று தெரியாமல் தண்டில் துளை போட்டுப் பார்ப்பதும், இளமரத்தைக்கூட அறுத்துப் போடுவதும் வழக்கமாயின. முதிர்ந்த மரங்கள் போனால் பழம் குறைகிறது, பழம் குறைந்தால் பறவைக்கு விதைக்க ஒன்றுமில்லை. கோடைத் தீயும் மேய்ச்சலும் எஞ்சிய கன்றுகளைத் தின்றன. இதற்கிடையே ஸ்பைக் என்ற நோய் வேறு. 1899-இல் குடகில் முதலில் பதிவானது. செல்சுவர் இல்லாத ஒருவகை நுண்ணுயிர், தத்துப்பூச்சிகள் மூலம் மரத்தின் சாற்றுக்குழாய்களுக்குள் நுழைந்துவிடும். இலை சிறுத்து, விறைத்து, முள்ளாக நிமிரும். காய்ப்பு நின்றுபோகும். இரண்டு மூன்று ஆண்டில் மரம் முடிந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்தியச் சந்தனம் இன்று ‘அழிவாய்ப்புள்ள இனம்’.

வெட்டு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூரத்தில் முன்னுதாரணங்கள் இருக்கின்றன. சந்தனப் பேரினத்தின் உறவினர்கள் ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பரவியிருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளின் தலைவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கள் காட்டுச் சந்தனத்தை வெட்டிச் சீன வணிகத்துக்கு விற்றார்கள். சில பத்தாண்டுகளில் வெட்ட மரமில்லாமல் வணிகமே நின்றது. சிலி நாட்டுக்கு மேற்கே கடலில் இருக்கும் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் தனி இனச் சந்தனம் ஒன்று இருந்தது. 1908-இல் அங்கே போன ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் உயிரோடிருந்த ஒரே ஒரு மரத்தைப் பார்த்துப் படம் எடுத்தார். அதற்குப் பிறகு அந்த இனத்தை யாரும் பார்க்கவில்லை.

ஜவ்வாது மலையின் கதை அப்படி முடியவில்லை. ஆனால் வேறொரு பக்கம் திரும்பியது. அது இன்னும் வேதனையானது.

இம்மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். பெயர் மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்தது, பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. மானாவாரியாகச் சாமை விதைக்கிறார்கள். தேன், கடுக்காய், புளி, பலா இவை மற்ற வருவாய். மழை ஏமாற்றினால் கூலிக்கு இறங்க வேண்டும். சரிவில் மூட்டையோடு ஏறி இறங்குவது, மரத்தைப் பார்த்த பார்வையில் எடைபோடுவது, கோடரியை வீணாக வீசாமல் வெட்டுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. அந்தத் திறமைக்கு ஊரில் கிடைத்தது அற்பக் கூலி. தரகர்கள் முன்பணத்தோடு வந்தார்கள். அவர்கள் காட்டிய மரம் சந்தனம் அல்ல, செம்மரம்.

செம்மரத்துக்குச் செஞ்சந்தனம் என்ற பெயரும் உண்டு. ஆனால் சந்தனத்துக்கு அது ஒட்டும் அல்ல, உறவும் அல்ல. அவரைக் குடும்பத்து மரம், நம் வேங்கைக்குப் பங்காளி. மணம் கிடையாது. அதன் வைரத்தில் செல்கள் சேர்த்துவைத்தது நிறத்தை. சாண்டலின் என்ற அந்தச் சிவப்புச் சாயம் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். மரம் அவ்வளவு அடர்த்தி, கட்டையைத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். உலகத்தில் இது இயற்கையாக வளரும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மட்டும்தான். ஆந்திரத்தின் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, நல்லமலை, அவற்றை ஒட்டிய சில காடுகள். சத்தே இல்லாத பாறைச் சரிவுகள். அங்கே மெதுவாக, மிக மெதுவாக வளர்கிறது. சில மரங்களில் மட்டும் நார்கள் நேராக ஓடாமல் அலையலையாக வளைந்து ஓடும். இழைத்து மெருகேற்றினால் வெளிச்சம் அந்த அலைகளில் மாறி மாறி விழும். சீன அரண்மனை மேசை நாற்காலிகளுக்கும், ஜப்பானின் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கும் இது மிக விரும்பப்பட்டது. 1995-இலேயே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. இருந்தும் கள்ளச் சந்தை அடங்கவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றது காவல்துறை. இறந்த அனைவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். கண்ணமங்கலம், படவேடு சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களையும் ஜவ்வாது மலைப் பகுதியையும் சேர்ந்தவர்கள் அதில் பலர். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மரங்களின் அதிசயத்தைப் பேசும் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். பல பத்தாண்டுகள் பிடித்து முதிரும் மரத்தின் விலை எங்கோ தொலைவில் நிர்ணயமாகிறது. அதை வெட்டப் போனவருக்குக் கிடைப்பது அதில் ஒரு துளி, இழப்பது உயிர். கடல் கடந்து விற்றவர்கள் யாரும் அந்தக் காட்டுக்குள் நிற்கவில்லை. அந்த இருபது பேரை விட்டுவிட்டு வைரத்தைப் பற்றி மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சந்தனத்துக்குத் திரும்புவோம். 2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருடையது என்றானது. வெட்டவும் விற்கவும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும் என்றாலும், கன்றைப் பிடுங்கி எறியும் காரணம் போய்விட்டது. அதன்பின் சந்தனத்தை நாமே நட்டால் என்ன என்று கேட்டவர்கள் பெருகினார்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், கனுனுரா என்ற ஊரைச் சுற்றி, நம் ஊர் இனத்தையே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டு வளர்த்திருக்கிறார்கள். அங்கேயும் இங்கேயும் நடுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது பாதுகாப்பு வேலியோ உரமோ அல்ல, துணைச்செடி.

நாற்றங்காலில் பிளாஸ்டிக் பைக்குள் சந்தன நாற்றோடு ஒரு துவரையையும் முளைக்க விடுகிறார்கள். துவரையின் வேர் பைக்குள்ளேயே சந்தனத்துக்குக் கிடைத்துவிடும், நைட்ரஜனும் கிடைக்கும். ஆனால் துவரை மேலே படர்ந்து நாற்றை மூடாதபடி அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். வயலில் நட்ட பிறகு சில ஆண்டு தாங்கும் நடுத்தரத் துணை வேண்டும், அகத்தி ஏற்றது. அதற்கு அப்பால் சந்தனத்தோடு இருபது முப்பது ஆண்டு கூடவே வாழும் மரம் வேண்டும். சவுக்கு, மலைவேம்பு என்று நடுகிறார்கள். துணை மிகவும் அடர்ந்தால் நிழல் விழுந்து சந்தனம் திணறும், மெலிந்தால் சந்தனம் அதை உறிஞ்சியே சாய்த்துவிடும். ஒன்றை எடுக்கும் முன் அடுத்தது வேரூன்றியிருக்க வேண்டும். களையெடுக்க வருகிற ஆளிடம் இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். துவரையைக் களையென்று நினைத்துப் பிடுங்கிவிட்டால், கொஞ்ச நாளில் பக்கத்துச் சந்தனத்தின் இலை மஞ்சளாகத் தொடங்கும்.